குலை நோய்ப் பூசணம் தன் புரதங்களைத் திருத்தும் விதம்

நெல்லின் குலை நோயை ஆராயும் வெளிநாட்டு ஆய்வகங்கள் பலவற்றில், நோயை வேண்டுமென்றே வரவழைத்துப் பார்ப்பதற்காக வளர்க்கப்படும் நெல் ரகம் கோயம்புத்தூரிலிருந்து வெளிவந்த கோ 39 ஆகும். குலை நோய்க்கு மிக எளிதில் ஆட்படும் ரகம் என்பதே அதன் சர்வதேசப் பெயருக்குக் காரணம். இப்படியொரு புகழை எந்தப் பயிர்ப் பெருக்க நிலையமும் விரும்பித் தேடியிருக்காது. அதன் இலைகள்மேல் தெளிக்கப்படும் பூசணம் பெரும்பாலும் கை 11 (Guy11) என்னும் வகை. தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் பிரித்தெடுக்கப்பட்டது. இந்த நோய் நமக்குப் புதியதும் அல்ல. 1919-ல் தஞ்சைப் படுகையில் ஏற்பட்ட தாக்குதலே இந்தியாவில் குலை நோய் கொள்ளையாகப் பரவியதற்கான முதல் பதிவாகக் குறிப்பிடப்படுகிறது. இன்றும் சம்பா, தாளடிப் பயிர்களில் இரவுக் குளிரும் இலையில் நெடுநேரம் தங்கும் பனியும் சேரும்போது, சாம்பல் நிற நடுப்பகுதியும் பழுப்பு விளிம்பும் கொண்ட கண் வடிவப் புள்ளிகள் இலைகளில் தோன்றுகின்றன. கதிரின் கழுத்தில் நோய் கண்டால் மணி பால் பிடிக்காமலே பதராகிப் போகிறது.

நோயை உண்டாக்கும் மேக்னபோர்த்தே ஒரைசே என்னும் பூசணத்தின் முழு மரபணுத் தொகுதி 2005-ல் வெளியானது. பயிர்களைத் தாக்கும் பூசணங்களில் இவ்வாறு முழுமையாக வெளியிடப்பட்டவற்றுள் இதுவே முதலாவது. அதில் ஏறத்தாழ 11,000 மரபணுக்கள் கணக்கிடப்பட்டன. பட்டியல் கைக்கு வந்துவிட்டதால் நோய்க்குக் காரணமான மரபணுக்களை ஒவ்வொன்றாகச் சுட்டிவிடலாம் என்ற எதிர்பார்ப்பு அப்போது இருந்தது. அந்த எதிர்பார்ப்பு ஓரளவுதான் நிறைவேறியது. எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்பதை மரபணு சொல்லும். செய்து முடித்த புரதம் எந்த நேரத்தில் வேலையைத் தொடங்க வேண்டும், செல்லின் எந்த மூலைக்குப் போக வேண்டும், எப்போது அழிக்கப்பட வேண்டும் என்பவை பெரும்பாலும் அந்தப் புரதத்தின்மேல் பின்னர் ஒட்டப்படும் சிறிய வேதித் தொகுதிகளால் தீர்மானிக்கப்படுகின்றன. பாஸ்பேட், அசிட்டைல், சர்க்கரைச் சங்கிலி, கொழுப்பு, யூபிக்விட்டின் என்னும் குட்டிப் புரதம் ஆகியவை இத்தகைய ஒட்டுகளில் முக்கியமானவை. இவற்றைச் சேர்ப்பதையும் நீக்குவதையும் புரத மாற்றம் என்கிறோம். ஒரே பூசணம் ஆய்வகத் தட்டில் பஞ்சுபோல் வளர்வதற்கும் நெல் இலையைத் துளைத்து உள்ளே போவதற்கும் இடையிலான வேறுபாட்டில் பெரும்பகுதி இந்த மாற்றங்களில்தான் அடங்கியிருக்கிறது என்பது கடந்த முப்பது ஆண்டு ஆராய்ச்சியிலிருந்து தெளிவாகியிருக்கிறது.

இலையின்மேல் நடப்பதை நேர வரிசையில் பார்த்தால் இது விளங்கும். பூசணத்தின் வித்து மூன்று செல்களைக் கொண்டது; கண்ணீர்த் துளி வடிவில் இருக்கும். காற்றிலோ நீர்த் தெறிப்பிலோ வந்து இலையில் விழுந்தவுடன், நுனியிலிருந்து கசியும் பசையால் மெழுகுப் பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள் மெல்லிய முளைக்குழாய் நீள்கிறது. பரப்பு கடினமாகவும், நீர் ஒட்டாததாகவும், உணவற்றதாகவும் இருந்தால் குழாயின் முனை வளைந்து தட்டையாகி, நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் அப்ரசோரியம் என்னும் குவிமாட வடிவ உறுப்பாக உருவெடுக்கத் தொடங்குகிறது. அதன் சுவரில் மெலனின் என்னும் கரிய நிறமி படிகிறது. உள்ளே கிளிசரால் அடர்த்தியாகச் சேர்கிறது. வெளியிலுள்ள நீர் உள்ளே புகுகிறது. இவ்வாறு எழும் அழுத்தம் 8 மெகாபாஸ்கல் வரை போகும் என்று 1991-ல் அளந்து கூறினார்கள். கார் டயரில் உள்ள காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ நாற்பது மடங்கு இது. அந்த அழுத்தத்தின் பலத்தில் அப்ரசோரியத்தின் அடியிலிருந்து கூரிய முளை ஒன்று இலையின் மேல்தோலைத் துளைக்கிறது. அதே நேரத்தில் வித்திலிருந்த மூன்று செல்களும் தம்மைத் தாமே செரித்து இறந்துவிடுகின்றன. அவற்றின் சத்து முழுவதும் முனைக்குப் போய்ச் சேர்கிறது. தோல் துளைக்கப்படும் வரை பூசணத்துக்கு நெல்லிடமிருந்து உணவு எதுவும் கிடைப்பதில்லை. கையில் உள்ளதை வைத்தே எல்லாவற்றையும் முடிக்க வேண்டிய இந்த நிலையில், இருக்கும் புரதங்களை நொடிகளிலும் நிமிடங்களிலும் திருத்திப் பயன்படுத்துவது புதிதாகச் செய்வதைவிடச் சிக்கனமானது.

திருத்தங்களில் மிக அதிகமாக ஆராயப்பட்டது பாஸ்பேட் சேர்ப்பு. 1950-களில் எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் தசையிலுள்ள ஒரு நொதி பாஸ்பேட் ஏறும்போது செயல்படவும் இறங்கும்போது அடங்கவும் செய்வதைக் கண்டார்கள். அதற்காக 1992-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. புரதத்திலுள்ள சீரின், திரியோனின், டைரோசின் ஆகிய அமினோ அமிலங்களில் பாஸ்பேட் ஏறுகிறது. ஏற்றும் நொதிகளுக்குக் கைனேஸ் என்றும் இறக்கும் நொதிகளுக்குப் பாஸ்பட்டேஸ் என்றும் பெயர். பாஸ்பேட் எதிர்மின்னேற்றம் நிறைந்தது. அது ஏறியதும் அருகிலுள்ள பகுதிகள் ஈர்க்கப்பட்டும் விலக்கப்பட்டும் புரதத்தின் மடிப்பு மாறுகிறது, அதனோடு சேரக்கூடிய மற்றப் புரதங்களும் மாறுகின்றன.

குலை நோய்ப் பூசணத்தில் இந்தக் கதையின் மையப் புரதம் பிஎம்கே1 என்னும் கைனேஸ். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஷூவும் ஹேமரும் 1996-ல் அதை வெளிப்படுத்தினார்கள். அதன் மரபணுவை நீக்கிய பூசணம் தட்டில் நன்றாக வளர்ந்தது, வித்தும் விட்டது. ஆனால் அப்ரசோரியத்தை உருவாக்கவே இல்லை. இதில் வியப்பு குறைவு. இலையைக் கீறி, துளைக்கும் வேலையே தேவைப்படாதபடி பூசணத்தை நேராக உள்ளே வைத்தபோதும் அதனால் நெல்லுக்குள் பரவ முடியவில்லை என்பதே முக்கியமான செய்தி. அதாவது பிஎம்கே1 நுழைவதற்கு மட்டுமல்லாமல் நுழைந்த பின் வாழ்வதற்கும் தேவைப்படுகிறது. இன்னொரு விவரமும் அந்த ஆய்வில் இருந்தது: ரொட்டி செய்யப் பயன்படும் ஈஸ்டில் இரு செல்கள் இணைசேர்வதைக் கட்டுப்படுத்தும் கைனேஸ்கள் இல்லாத ஈஸ்டுக்குள் பிஎம்கே1-ஐப் புகுத்தினால் அந்த ஈஸ்டு மீண்டும் இணைசேர்கிறது. இணை தேடும் சைகைக்கு உதவிய பழைய கருவியையே நெல்லைத் தாக்கும் பூசணம் வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறது.

பிஎம்கே1 தானாகச் செயல்படுவதில்லை. எம்எஸ்டி11 என்னும் கைனேஸ் எம்எஸ்டி7-க்குப் பாஸ்பேட் ஏற்றுகிறது. எம்எஸ்டி7 பிஎம்கே1-இன் ஒரு திரியோனினிலும் ஒரு டைரோசினிலும் பாஸ்பேட் ஏற்றுகிறது. இரண்டும் ஏறிய பிறகே பிஎம்கே1 விழிக்கிறது. விழித்த பிஎம்கே1 எம்எஸ்டி12 போன்ற, மரபணுக்களை இயக்கும் புரதங்கள்மேல் வேலை செய்கிறது. எம்எஸ்டி12 இல்லாத பூசணம் பார்வைக்குக் குறையற்ற அப்ரசோரியத்தை உருவாக்கினாலும் அதனால் இலையைத் துளைக்க முடிவதில்லை. ஆகவே ஒரே கைனேஸின் கீழ் உறுப்பை உருவாக்கும் கிளையும் உறுப்பை வேலை செய்ய வைக்கும் கிளையும் தனித்தனியாக இருக்கின்றன என்று முடிவுக்கு வரலாம்.

நெல்லுக்குள் போன பின் பிஎம்கே1 என்ன செய்கிறது என்பதை அறிவதில் நீண்ட காலம் ஒரு சிக்கல் இருந்தது. மரபணுவை நீக்கினால் பூசணம் வாசலிலேயே நின்றுவிடுகிறது. உள்ளே நடப்பதைப் பார்க்க வழியில்லை. குலை நோய் ஆய்வாளர் நிக்கோலஸ் டால்பட்டின் குழு 2018-ல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு ஒரு நேர்த்தியான வழி கண்டார்கள். பிஎம்கே1-இல், பாஸ்பேட்டைத் தரும் மூலக்கூறான ஏடிபி வந்து அமரும் பள்ளத்தின் வாயிலுள்ள ஒரு பெரிய அமினோ அமிலத்தைச் சிறியதாக மாற்றினார்கள். அந்த மாற்றத்தால் புரதத்தின் வேலை கெடவில்லை. ஆனால் சாதாரண கைனேஸ்களுக்குள் நுழைய முடியாத பருமனான ஒரு வேதிப்பொருள் இந்த ஒரு கைனேஸுக்குள் மட்டும் நுழைந்து அதை முடக்கக்கூடியதாகிவிட்டது. இந்தப் பூசணத்தை நெல் இலையுறையில் வைத்து, முதல் செல்லைப் பிடித்து நிரப்பும் வரை விட்டுவைத்து, பிறகு அந்த வேதிப்பொருளைச் சேர்த்தார்கள். பூசண இழைகள் முதல் செல்லிலேயே சிறைப்பட்டன. பயிர்ச் செல்களுக்கு நடுவே உள்ள நுண்துளைகள் வழியாகத் தன்னை ஒடுக்கிக்கொண்டு அடுத்த செல்லுக்குப் போவதும், அந்த இடத்தில் நெல் தொடுக்கும் எதிர்ப்பை அடக்கும் புரதங்களைச் சுரப்பதும் பிஎம்கே1-இன் கட்டுப்பாட்டில் இருப்பது இவ்வாறு தெரிந்தது. இந்தத் துறையில் நான் படித்த சோதனைகளில் கேள்விக்கும் முறைக்கும் இவ்வளவு சரியான பொருத்தம் அமைந்தது அரிது.

பிஎம்கே1-ஐ ஒத்த கைனேஸ் நோயுண்டாக்கும் பூசணங்களில் பரவலாக இருக்கிறது. வெள்ளரியைத் தாக்கும் கொலெட்டோடிரைக்கம், பழங்களை அழுகச் செய்யும் போட்ரைட்டிஸ், மக்காச்சோளக் கரிப்பூட்டை நோய்ப் பூசணம் ஆகியவற்றில் அதை நீக்கியபோது நோயுண்டாக்கும் திறன் போயிற்று அல்லது மிகவும் குன்றியது. தக்காளியை வாடச் செய்யும் ஃபியூசேரியம் ஆக்சிஸ்போரம் வேர் வழியாக நுழைவது; குவிமாட உறுப்பு எதையும் அது உருவாக்குவதில்லை. அதற்கும் எஃப்எம்கே1 என்னும் இதே வகைக் கைனேஸ் இன்றியமையாதது. எனவே இந்தக் கைனேஸை அப்ரசோரியத்தோடு மட்டும் இணைத்துப் பேசுவது குறுகிய பார்வையாகிவிடும்.

ஒரு கைனேஸ் எந்தெந்தப் புரதங்களைத் தொடுகிறது என்று ஒவ்வொன்றாகத் தேடிய காலம் போய், எல்லாவற்றையும் ஒருசேர அளக்கும் முறைகள் வந்திருக்கின்றன. புரதங்களைச் சிறு துண்டுகளாக வெட்டி, பாஸ்பேட் உள்ள துண்டுகளை டைட்டானியம் டைஆக்சைடு போன்ற பொருள்களால் பிரித்தெடுத்து, நிறைமாலைமானியில் எடை பார்க்கிறார்கள். பாஸ்பேட் ஏறிய துண்டின் எடை ஏறத்தாழ 80 டால்டன் (மூலக்கூறுகளின் எடையை அளக்கும் அலகு) கூடியிருக்கும். அசிட்டைல் ஏறியிருந்தால் 42 டால்டன். மூன்று மெத்தில் தொகுதிகள் ஏறினாலும் 42 டால்டன்தான் கூடும். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு 0.04 டால்டனுக்கும் குறைவு என்பதால் நுட்பமான கருவி இல்லாதவர்கள் ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிட வாய்ப்புண்டு. டால்பட் குழு 2024-ல் வெளியிட்ட ஆய்வில், நீர் ஒட்டாத பரப்பில் முளைக்கும் குலை நோய்ப் பூசணத்தில் 2,062 புரதங்களில் 8,005 இடங்களில் பாஸ்பேட் ஏறுவது பதிவாயிற்று. இவற்றை 41 பூசண இனங்களோடு ஒப்பிட்டு, உயிருள்ள பயிர்த் திசுவில் புகுந்து வாழும் பூசணங்களுக்கே உரிய பாஸ்பேட் இடங்களைப் பிரித்துக் காட்டினார்கள். பிஎம்கே1 தொடும் புரதங்களாக 32 இனங்காணப்பட்டன. அவற்றில் விடிஎஸ்1 என்னும் ஒழுங்குபடுத்தும் புரதத்தில் பிஎம்கே1 பாஸ்பேட் ஏற்றாவிட்டால் நோய் உண்டாவதில்லை என்றும் காட்டினார்கள். எண்ணாயிரம் என்ற எண் செய்தித் தலைப்புக்கு ஏற்றது. ஆனால் அந்த ஆய்வின் எடை விடிஎஸ்1 என்ற ஒரே புரதத்தை எடுத்துக் கடைசி வரை பின்தொடர்ந்ததில் இருக்கிறது.

கைனேஸ்கள் எல்லாம் தாக்குதலை முடுக்கிவிடுபவை என்று கொள்ளக்கூடாது. எஸ்எல்என்1 என்னும் கைனேஸ் அப்ரசோரியத்துக்குள் அழுத்தம் போதிய அளவு எழுந்ததை உணர்ந்து, அழுத்தம் ஏற்றும் வேலையை நிறுத்தித் துளைக்கும் வேலைக்கு மாற்றுகிறது என்று 2019-ல் காட்டப்பட்டது. அது இல்லாத பூசணத்தில் அழுத்தம் அளவுக்கு மீறிப் போகிறது, துளைப்பதோ நடப்பதில்லை. டார் என்னும் இன்னொரு கைனேஸ் உணவு கிடைக்கும்போது செயல்பட்டு வளர்ச்சியைத் தூண்டுகிறது. குளூட்டமின் போன்ற நைட்ரஜன் சத்து மிகுந்திருக்கும்போது அது அப்ரசோரியம் உருவாவதைத் தடுக்கிறது. வளர்வதா தாக்குவதா என்ற முடிவு ஏதோ ஒரு புரதத்தின் கையில் இருப்பதாகச் சொல்வதைவிட, பட்டினியையும் பரப்பின் தன்மையையும் உணரும் பல கைனேஸ்கள் ஒன்றையொன்று இழுத்தும் தடுத்தும் அடையும் நிலை என்று சொல்வது உண்மைக்கு நெருக்கமானது.

வித்தின் செல்கள் தம்மைத் தாமே செரித்துக்கொள்வதில் அசிட்டைல் தொகுதிக்குப் பங்குண்டு. இதைப் பற்றிய முடிவுகள் சற்றுக் குழப்பமானவை என்பதாலேயே இங்கே சொல்லத் தக்கவை. தன்செரிமானத்தில் ஏடிஜி8 என்னும் சிறு புரதத்தின் வாலில் ஒரு கொழுப்பு மூலக்கூறு ஒட்டப்படுகிறது. அதுவே ஒரு புரத மாற்றம். இந்த வேலையை ஏடிஜி7, ஏடிஜி3 ஆகியவை அடுத்தடுத்துச் செய்கின்றன. ஜிசிஎன்5 என்னும் நொதி ஏடிஜி7-இல் அசிட்டைலை ஏற்றித் தன்செரிமானத்தைக் கட்டுக்குள் வைக்கிறது. எம்ஓஹேட்1 என்னும் இன்னொரு நொதியோ ஏடிஜி3, ஏடிஜி9 ஆகியவற்றில் அசிட்டைலை ஏற்றுகிறது; அது இல்லாவிட்டால் அப்ரசோரியம் ஒழுங்காக அமைவதில்லை. ஒரே வேதித் தொகுதி ஒரே வேலையில் ஓரிடத்தில் தடையாகவும் இன்னோரிடத்தில் துணையாகவும் இருக்கிறது. எம்ஓஹேட்1 வழக்கமாகச் செல்லின் கருவுக்குள் டிஎன்ஏவைச் சுற்றியுள்ள ஹிஸ்டோன்களைத் திருத்துவது. ஜிஎஸ்கே1 என்னும் கைனேஸ் அதன்மேல் பாஸ்பேட் ஏற்றியதும் கருவை விட்டு வெளியே வந்து இந்தப் புதிய வேலையைச் செய்கிறது. ஒரு திருத்தம் இன்னொரு திருத்தும் நொதியையே திருத்தி அனுப்புகிறது. ‘அசிட்டைலேற்றம் நோயைக் கூட்டுகிறதா குறைக்கிறதா’ என்று பொதுவாகக் கேட்டால் அதற்குப் பதில் கிடையாது; எந்தப் புரதத்தில், எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்று கேட்க வேண்டும்.

சர்க்கரைச் சங்கிலியின் கதை இதைவிடத் தெளிவானது, முடிந்த அளவுக்கு முழுமையானதும்கூட. பூசணத்தின் செல்சுவரில் கைட்டின் இருக்கிறது. நெல்லின் உடலில் கைட்டின் இல்லை. ஆகவே கைட்டின் துண்டு ஒன்று தட்டுப்பட்டால் பூசணம் வந்துவிட்டது என்று நெல் கண்டுகொள்கிறது. செல்லின் மேற்பரப்பிலுள்ள செபிப் என்னும் ஏற்பி அந்தத் துண்டைப் பிடித்தவுடன் நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் வேதிப்பொருள்கள் பெருகி எதிர்ப்பு தொடங்குகிறது. பூசணம் இதற்கு எதிராக எஸ்எல்பி1 என்னும் புரதத்தைச் சுரக்கிறது. தன் இழைக்கும் அதைச் சூழ்ந்துள்ள நெல்லின் சவ்வுக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளியில் எஸ்எல்பி1 தங்கி, உதிரும் கைட்டின் துண்டுகளைச் செபிப்புக்கு முன்பாகத் தானே பிடித்துக்கொள்கிறது. எஸ்எல்பி1 இல்லாத பூசணத்தின் நோயுண்டாக்கும் திறன் வெகுவாகக் குறைந்தது; ஆனால் செபிப் மரபணுவை அடக்கிய நெல்லில் அதே பூசணம் மீண்டும் நோயை உண்டாக்கியது. 2012-ல் வெளியான இந்தச் சோதனை, எஸ்எல்பி1 யாரை ஏமாற்றுகிறது என்பதை ஐயமின்றி நிறுவியது.

சீனக் குழு ஒன்று 2014-ல் இதன் அடுத்த பகுதியை வெளியிட்டது. எஸ்எல்பி1 சுரக்கப்படும் முன் செல்லுக்குள் புரதங்கள் தயாராகும் எண்டோபிளாச வலைப்பின்னலில் அதன்மேல் சர்க்கரைச் சங்கிலிகள் ஏற்றப்படுகின்றன. அஸ்பராஜின் என்னும் அமினோ அமிலத்துக்கு ஓரிடம் தள்ளி சீரினோ திரியோனினோ இருக்கும் இடங்களில்தான் இந்தச் சங்கிலி ஏறும். எஸ்எல்பி1-இல் அத்தகைய இடங்கள் மூன்று. சங்கிலி முதலில் ஒரு கொழுப்பின்மேல் சர்க்கரை சர்க்கரையாகக் கட்டப்பட்டு, 14 சர்க்கரைகள் சேர்ந்த பின் மொத்தமாகப் புரதத்துக்கு மாற்றப்படுகிறது. கட்டுமானத்தின் நடுவில் மேனோஸ் என்னும் சர்க்கரையில் ஆறாவதைச் சேர்ப்பது ஏஎல்ஜி3 என்னும் நொதி. அதன் மரபணுவை நீக்கிய பூசணம் இலைக்குள் நுழைந்தது. ஆனால் உள்ளே பரவும் இழைகள் தேங்கி நின்றன. நெல் செல்களில் ஆக்சிஜன் வேதிப்பொருள்கள் பெருகின. எஸ்எல்பி1 இல்லாத பூசணத்தில் கண்ட அதே காட்சி இது, எஸ்எல்பி1 மரபணு பழுதின்றி இருந்தும்.

இந்த இடத்தில் ஒரு நல்ல வாசகர் தடை எழுப்புவார். சர்க்கரை ஏற்றும் நொதியை நீக்கினால் பூசணத்தின் நூற்றுக்கணக்கான புரதங்கள் ஒருங்கே பாதிக்கப்படுமே, எஸ்எல்பி1-ஐ மட்டும் எப்படிக் காரணமாகச் சொல்ல முடியும்? ஆய்வாளர்களும் அதைக் கேட்டுக்கொண்டார்கள். ஏஎல்ஜி3-ஐத் தொடாமல் விட்டு, எஸ்எல்பி1-இல் சர்க்கரை ஏறும் இடங்களை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். சர்க்கரை ஏறாத எஸ்எல்பி1 நிலைத்து நிற்கவில்லை, கைட்டினையும் சரியாகப் பிடிக்கவில்லை. மரபணு முழுமையாக இருந்தும் புரதம் செய்யப்பட்டும் சர்க்கரைச் சங்கிலி இல்லாத குறை ஒன்றே அதைப் பயனற்றதாக்கியது.

நெல்லும் சும்மா இருப்பதில்லை. வேண்டாத புரதங்களில் யூபிக்விட்டின் என்னும் 76 அமினோ அமிலங்கள் கொண்ட குட்டிப் புரதத்தைச் சங்கிலியாக ஒட்டி அழிவுக்கு அனுப்பும் முறை நெல்லிலும் பூசணத்திலும் நம் உடலிலும் ஒன்றுபோலவே இருக்கிறது. நெல்லில் ஏபிஐபி6 என்னும் நொதி இந்த ஒட்டும் வேலையைச் செய்து எதிர்ப்புக்குத் துணை நிற்கிறது. பூசணம் நெல் செல்லுக்குள் அனுப்பும் ஏவிஆர்-பிஇசட்-டி என்ற புரதம் அதைப் பிடித்து அதன் ஒட்டும் திறனைக் குறைக்கிறது. ஏபிஐபி6-ஓ தன்னைப் பிடிக்க வந்த புரதத்துக்கே யூபிக்விட்டினை ஒட்டுகிறது. இரண்டும் சேர்ந்து சிதைகின்றன. பிஇசட்-டி என்னும் எதிர்ப்பு மரபணு உள்ள நெல் ரகங்கள் இந்தப் பூசணப் புரதத்தை அடையாளம் கண்டு நோயைத் தடுத்துவிடுகின்றன.

இந்தத் துறையில் கட்டுரைகள் பெருகியிருப்பதால் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஒரு திருத்தும் நொதியின் மரபணுவை நீக்கி, பூசணம் நோயுண்டாக்கவில்லை என்று காட்டி, ‘நோய்க்கு இன்றியமையாதது’ என்று முடிக்கும் ஆய்வுகள் ஏராளம். சுமோ என்னும் குட்டிப் புரதத்தை ஒட்டும் நொதிகளை நீக்கினால் குலை நோய்ப் பூசணத்தின் தாக்கும் திறன் குறைகிறது என்பது உண்மைதான். ஆனால் அதன் சாதாரண வளர்ச்சியும், வித்து உற்பத்தியும், நெருக்கடிகளைத் தாங்கும் வலிமையும் சேர்ந்தே குறைகின்றன. நோயாளியான பூசணத்தால் நோயுண்டாக்க முடியாததில் என்ன வியப்பு? வளர்ச்சி கெடாமல் தாக்குதல் மட்டும் கெடும்போதுதான், பிஎம்கே1-இல் நடந்தது போல, அந்தத் திருத்தம் தாக்குதலுக்கே உரியது என்று ஓரளவு துணிந்து கூறலாம். திருத்தப்படும் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றி அதே விளைவைக் காட்டியிருந்தால் இன்னும் உறுதி. இந்த இரு சோதனைகளில் ஒன்றிலாவது தேறாத முடிவுகளை நான் பொருட்படுத்திப் படிப்பதில்லை. பூசணத்தில் ஆயிரக்கணக்கான இடங்களில் புதிய வகைத் திருத்தம் ஒன்று கண்டறியப்பட்டதாக வரும் பட்டியல்களுக்கும் இது பொருந்தும். திருத்தம் இருப்பது வேறு, அதற்கு வேலை இருப்பது வேறு.

வயலுக்கு இதனால் என்ன பயன் என்ற கேள்வி எழாமல் போகாது. இன்று குலை நோய்க்கு விவசாயிகள் பரவலாகத் தெளிக்கும் டிரைசைக்ளசோல் மருந்து மெலனின் உருவாகும் பாதையைத் தடுக்கிறது. மெலனின் படியாத அப்ரசோரியத்தில் கிளிசரால் தங்காமல் கசிந்துவிடுவதால் அழுத்தம் எழுவதில்லை. நோய் வரும் முன்பும் தொடக்கத்திலும் அது பயன்தருவதும், உள்ளே புகுந்துவிட்ட பூசணத்தை அதனால் அவ்வளவாகக் கட்டுப்படுத்த முடியாததும் இதனால்தான். ஐரோப்பிய ஒன்றியம் அரிசியில் டிரைசைக்ளசோல் எச்சத்துக்கான வரம்பைக் கிலோவுக்கு 1 மில்லிகிராமிலிருந்து 0.01 மில்லிகிராமாகக் குறைத்து, 2018 முதல் நடைமுறைப்படுத்தியதால், ஏற்றுமதிக்கான நெல்லில் அதைத் தெளிப்பது சிக்கலாகிவிட்டது. மாற்று மருந்துகளைத் தேடுவோரின் கண் கைனேஸ்கள்மேல் விழுவது இயல்பு. புற்றுநோய் மருத்துவத்தில் கைனேஸைத் தடுக்கும் மருந்துகள் பல ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கின்றன. ஆனால் பிஎம்கே1-ஐ ஒத்த கைனேஸ்கள் நெல்லிலும் மனிதரிலும் உண்டு. நெல் தன் எதிர்ப்பைத் தொடங்குவதே அத்தகைய கைனேஸ்களின் மூலமாகத்தான். ஏடிபி அமரும் பள்ளம் இவை எல்லாவற்றிலும் பெரிதும் ஒத்திருப்பதால், பூசணத்தின் கைனேஸை முடக்கும் மருந்து பயிரின் பாதுகாப்பையும் சேர்த்து முடக்கக்கூடும். 2018 சோதனையில் பூசணத்தை முதல் செல்லில் நிறுத்திய வேதிப்பொருள், பள்ளத்தின் வாயை மாற்றியமைத்த ஆய்வகப் பூசணத்தில் மட்டுமே வேலை செய்தது. வயலிலுள்ள பூசணத்தின்மேல் அதைத் தெளித்தால் ஒன்றும் நடக்காது. பூசணத்துக்கே உரிய வேறு இடத்தைக் குறிவைக்க வேண்டுமானால், பிஎம்கே1 தொடும் 32 புரதங்களில் பயிரிலும் மனிதரிலும் ஒப்பு இல்லாதவை எவை என்று பிரித்தெடுத்து, ஒவ்வொன்றிலும் பாஸ்பேட் ஏறும் இடத்தை மாற்றி, கோ 39 இலைகளில் சோதித்துப் பார்க்க வேண்டும். விடிஎஸ்1-க்கு அந்த வேலை தொடங்கியிருக்கிறது.